கையுறைப் பெட்டி நாற்பது

ஸ்டோர்கீப்பர்: ...மேடம், பஞ்சு எப்போ வந்துச்சு, கையுறை எப்போ வந்துச்சு, யார் இறக்குனாங்க... மூணு நாளா இதேதான். எனக்கு வேலை இருக்கு. மேல வார்டுல மருந்துக்குக் காத்திருக்காங்க.

ஆய்வாளர்: கையுறை நாற்பது பெட்டி வந்ததா கையெழுத்து போட்டிருக்கீங்க. வந்தது எத்தனை?

ஸ்டோர்கீப்பர்: மூணு நாளாச்சு, நீங்க யாருன்னே இன்னும் எனக்குப் புரியல. போலீஸா?

ஆய்வாளர்: இல்ல.

ஸ்டோர்கீப்பர்: ஆடிட்டரா?

ஆய்வாளர்: அதுவும் இல்ல.

ஸ்டோர்கீப்பர்: அப்புறம் எதுக்கு என் உயிரை வாங்குறீங்க?

ஆய்வாளர்: ஆடிட்டருக்குக் கணக்கு ஏடு தெரியும், ஆளை விசாரிக்கத் தெரியாது. போலீஸுக்கு ஆளை விசாரிக்கத் தெரியும், ஏடு புரியாது. திருடுறவன் நடுவுல நழுவிப் போயிட்டே இருந்தான். ரெண்டும் தெரிஞ்ச ஆளு வேணும்னுதான் எங்க தொழிலே வந்துச்சு. மோசடி ஆய்வாளர்.

ஸ்டோர்கீப்பர்: என் வீட்டம்மா இருபது வருஷமா சம்பளமே இல்லாம அதைத்தான் பண்றா.

ஆய்வாளர்: எத்தனை பெட்டி சார்?

ஸ்டோர்கீப்பர்: ...இருபத்தஞ்சு.

ஆய்வாளர்: அப்புறம் நாற்பதுன்னு...

ஸ்டோர்கீப்பர்: மேனேஜர் போடச் சொன்னாரு, போட்டேன். மீதி நாளைக்கு வந்துடும்னாரு. எட்டு மாசமாச்சு, அவரோட நாளைக்கு இன்னும் விடியல.

ஆய்வாளர்: அதுவரைக்கும் வார்டுல?

ஸ்டோர்கீப்பர்: போட்ட கையுறையையே கழுவிப் போட்டுக்கிட்டாங்க. ஒரு நர்ஸ் பொண்ணுக்கு நோய் தொத்திக்கிச்சு. ஒரு மாசமா படுக்கையில கிடக்கு.

ஆய்வாளர்: இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?

ஸ்டோர்கீப்பர்: யார்கிட்ட... நான் எதுக்கு... விடுங்க மேடம். மத்தவங்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு மணி நேரம். எனக்கு மட்டும் மூணு நாளா? கேண்டீன்ல என் பக்கத்துல ஒருத்தரும் உட்கார மாட்டேங்கிறாங்க. மேனேஜரே வந்து, 'வசமா மாட்டிக்கிட்டியேய்யா'ன்னு துக்கம் விசாரிச்சிட்டுப் போறாரு.

ஆய்வாளர்: நல்லது.

ஸ்டோர்கீப்பர்: என்னது நல்லதா?

ஆய்வாளர்: எங்க ஆபீஸுக்கு ஒரு மொட்டைக் கடிதாசி வந்துச்சு சார். கூடவே எட்டு மாச ரசீதோட நகல்.

ஸ்டோர்கீப்பர்: யாராவது அனுப்பியிருப்பாங்க... எனக்கென்ன தெரியும்?

ஆய்வாளர்: அந்த ரசீதெல்லாம் உங்க பீரோல மட்டும்தான் இருக்கு. சாவி உங்ககிட்டதான்.

ஸ்டோர்கீப்பர்: மெதுவா பேசுங்க மேடம், வெளியில கேட்டுடப் போகுது.

ஆய்வாளர்: பயப்படாதீங்க. கதவு சாத்தித்தான் இருக்கு.

ஸ்டோர்கீப்பர்: எழுதுனது நான்தான்னு தெரிஞ்சுமா மேடம், மூணு நாளா என்னை இப்படி வறுத்தெடுத்தீங்க?

ஆய்வாளர்: உங்களை மட்டும் சீக்கிரம் விட்டிருந்தா, எழுதுனது யாருன்னு மேனேஜருக்கு முதல் நாளே தெரிஞ்சிருக்கும் சார்.