ரெண்டு தடவை ஊத்தினா வழியணும்

– நில்லு ராய்ஸ், நில்லு. இப்பத்தான் கைத்துப்பாக்கிக்கு வேகமா எரியற வெடிமருந்துதான் சரின்னே. மறு நிமிஷமே வேகமானதுலதான் ஆபத்துங்கறே. இதுல எதை நான் நோட்டுல எழுத?

– ரெண்டையும் எழுதிக்கங்க லோர்னா டீச்சர். ரெண்டும் நெசந்தான்.

– மூணாங்கிளாஸ்லயும் இப்படித்தான். ஆறெட்டு எவ்வளவுடான்னா, நாப்பத்தாறா இருக்கலாம், நாப்பத்தெட்டா இருக்கலாம்னு நிப்பே.

– நாப்பது வருசம் ஆயிப்போச்சு, இன்னும் விட மாட்டேங்கறீங்களே! இந்த ஊர்ல துப்பாக்கிக் கடையே வெச்சாலும் உங்களுக்கு நான் மூணாங்கிளாஸ்தான்.

– பேச்சை மாத்தாதே. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நாங்க வீட்டுல தோட்டா ரொப்பறோம். ஒரே தோட்டாக் கூட்டுல மறந்துபோய் ரெண்டு தடவை மருந்து விழுந்துட்டா, அது வெளியில வழிஞ்சு காட்டிக் குடுக்கணும். அப்படி ஒரு மருந்து குடு.

– ரிவால்வர் தோட்டாவுக்குத்தானே?

– ஆமா. எங்க வீட்டுக்காரரோட ரிவால்வர் போன சனிக்கிழமை சரளைக் குழியில சுடும்போது வெடிச்சுதே, உன் காதுக்கு வராமலா இருந்திருக்கும்?

– ஊரே அதைத்தான் பேசுது. தோட்டா போடற உருளையே பொளந்துபோச்சுன்னாங்க. புருவத்துல தையலாமே ஆர்விடுக்கு?

– நாலு தையல். கண்ணுக்கு ஒரு விரல்கடை மேலே. இரும்புத் துண்டு பறந்ததை நான் பக்கத்துல நின்னு பார்த்தேன் ராய்ஸ். அவர் தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். அந்த நிமிஷம் எனக்கு உசுரே போயிடுச்சு. இவர் என்னடான்னா, செத்துப்போன அண்ணனோட ரிவால்வரை எடுத்துத் தொடைச்சுக்கிட்டு இருக்கார். வர்ற சனிக்கிழமையும் போறாராம்.

– போக வேணாம்னு சொல்றதுதானே?

– எப்படிச் சொல்றது? கோதுமை நிலத்தைக் குத்தகைக்கு விட்டாச்சு. பிள்ளைங்க தூரத்துல. அந்த கராஜ் மேசைகிட்ட உக்காந்தாத்தான் நாங்க ரெண்டு பேரும் வாயைத் திறந்தே பேசறோம். அதையும் பிடுங்கிட்டா வீட்டுல என்ன மிச்சம்?

– ஆக, அன்னிக்கு ரெண்டு தடவை ஊத்தினது ஆர்விட்தான்னு சொல்றீங்க.

– வேற யாரு? எழுபத்தி நாலு வயசு. மூக்குக்கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு வீடு பூரா தேடறார். மறக்கறார் ராய்ஸ். வாய்விட்டுச் சொன்னா மனுஷன் உடைஞ்சுபோயிடுவார். அதான் அவருக்குத் தெரியாம வந்தேன்.

– காபியைக் குடிங்க டீச்சர், ஆறிடப் போவுது. ஆமா, மேசையில யாரு என்ன செய்வீங்க?

– அவர் மெஷின் கைப்பிடியை இழுப்பார், ஒரு அளவு மருந்து கூட்டுல விழும். அம்பது கூடு ஒரு பலகை. பலகை ரொம்பினதும் ஈயக்குண்டை வெச்சு அழுத்தறது நான்.

– குண்டு வெக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு அம்பது கூட்டையும் எட்டிப் பாப்பீங்கதானே?

– பார்க்காம? அன்னிக்கும் பார்த்தார். இல்லை, டார்ச் என் கையில இருந்தது. அப்ப நான்தான்... இரு, குழப்பாதே. நடுவுல போன் வந்தது. ஃபார்கோவுலேருந்து அவர் தங்கச்சி. அவ பிடிச்சா விடமாட்டா. பேசிட்டு வந்து, விட்ட இடம் தெரியாம இவர் மறுபடி ஊத்தியிருக்கார்.

– அவரு பேசிட்டிருந்தப்ப நீங்க?

– சும்மா உக்காந்திருந்தேன். பலகையை நேரா நகர்த்தி வெச்சேன். அவ்வளவுதான்... அவ்வளவுதான்னு நினைக்கிறேன். எதுக்குக் கேக்கறே?

– சும்மாதான்.

– காபி என்ன இப்படித் தித்திக்குது? சர்க்கரை போட்டியா?

– நான் போடலையே டீச்சர்.

– சரி, மருந்துக்கு வா. மெதுவா எரியறதுன்னா பயமில்லைதானே? பேரைக் கேட்டாலே சாதுவா இருக்கு.

– அட கடவுளே, அப்படி இல்லீங்க! மெதுவான மருந்து நீளக் குழல் துப்பாக்கிக்கு. உங்க ரிவால்வர்ல போட்டா பாதி வெளியில வந்துதான் எரியும். கண்ணு கூசும், குண்டு நகராது.

– அப்ப பொடிப்பொடியா, மணல் மாதிரி இருக்கே, அந்த டப்பா?

– அது மெஷின்ல தண்ணியாட்டம் இறங்கும், அளவு தவறாது. ஆனா கூட்டோட அடியில கொஞ்சூண்டுதான் நிக்கும். ரெண்டு தடவை என்ன, மூணு தடவை ஊத்தினாலும் உள்ளே அடங்கிக் கமுக்கமா இருக்கும்.

– ஐயோ, அதானே இப்ப வீட்டுல இருக்கு! சரி, தட்டைத் தட்டையா, ஓட்ஸ் மாதிரி இருக்கே, அது?

– அது கொஞ்சம் எடம் அடைக்கும். ஆனா மெஷின்ல அடைச்சிக்கும். ஒருவாட்டி கொறச்சலா விழும், மறுவாட்டி சேத்து விழும்.

– நல்லா இறங்கினா ஒளிஞ்சுக்குதுங்கறே, ஒளியாதது இறங்காதுங்கறே. பக்கம் ரொம்பிடுச்சு, ஒண்ணும் விளங்கலை. ஒரு கூட்டுக்கு மருந்து வாங்க வந்தவளுக்கு மண்டை கொதிக்குது.

– வர்ற ஆளுங்க எல்லாருக்கும் அப்படித்தான் டீச்சர். நீங்க கேக்கறாப்புல ஒண்ணு இருக்கு. டோனட் மாதிரி நடுவுல ஓட்டையோட, லேசா, பொசுபொசுன்னு. ஒரு தடவைக்கே கூடு முக்கால்வாசி ரொம்பிடும். இன்னொருவாட்டி இழுத்தா மேசையெல்லாம் கொட்டும்.

– அதான்! அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? ஒரு டப்பா குடு. வீட்டுக்குப் போய், பழைய மருந்தைத் தோட்டத்துல கொட்டிட்டு, அவரோட பழைய டப்பாவுலயே இதை ரொப்பி வெச்சுடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது.

– டீச்சர்! சத்தியமா சொல்றேன், அந்த நெனப்பே ஆவாது! ஒவ்வொரு மருந்துக்கும் அளவு வேற. உள்ளே ஒண்ணு, மேலே பேரு ஒண்ணுன்னா அது கொலை. டப்பா மேல பொய் எழுதக் கூடாது, மேசை மேல ரெண்டு டப்பா இருக்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே ஆர்விட்தான். எந்தத் தேதியில வாங்கினது, எதுக்கு வெச்சிருக்குன்னு டேப் ஒட்டி எழுதற ஆளு அவரு ஒருத்தர்தான் இங்கே.

– அப்ப அவர்கிட்ட சொல்லித்தான் ஆகணும்.

– சொல்லித்தான் ஆவணும். அதுவும் போக, அந்த மருந்து இப்ப கிடைக்கறதே இல்ல. என்கிட்டயும் இல்ல.

– உன் பின்னாடி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல இருக்கே. படத்துல டோனட் மாதிரி போட்டிருக்கே. அது?

– அது... எடுத்து வெச்சது. வேற ஆளோடது.

– ஏன் அதைத் திருப்பி வெக்கிறே? ராய்ஸ், என்னைப் பாரு. யாரோடது?

– வேணாம் டீச்சர்.

– ரப்பரைத் திருடிட்டு முழிச்சே பாரு, அதே முழி. யாரோடது?

– ஆர்விடோடது. திங்கக்கெழமை வந்தாரு. ரெண்டு தடவை ஊத்தினா வழியற மருந்துதான் வேணும்னாரு. உங்களை மாதிரியே.

– ஆர்விடா? அவரா வந்து கேட்டாரா?

– ஆமா. வந்து... தனக்கு மறதி வந்துடுச்சுன்னாரு.

– கர்த்தாவே! அவருக்கே தெரியுமா? நாலு நாளா நான் தூங்கலை ராய்ஸ். எப்படிச் சொல்லப் போறேன், எப்படித் தாங்குவார்னு பயந்து செத்தேன். தெரிஞ்சுகிட்டுத்தான் என் எதிர்ல விசில் அடிச்சுக்கிட்டுத் திரியறாரா, அந்தக் கிழவர்! சரி, வாங்கினவர் ஏன் எடுத்துட்டுப் போகலை?

– இங்கேயே நின்னு, பழக்கதோசத்துல டேப் ஒட்டி எழுதினாரு. எழுதினதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டே நின்னாரு. வீட்டுல ஒரு விசயம் பேசணும், பேசிட்டு வந்து எடுத்துக்கறேன்னு வெச்சுட்டுப் போயிட்டாரு.

– இனிமே என்ன பேச்சு? எனக்குத்தான் தெரியுமே. குடு, நானே கொண்டுபோய் அவர் முன்னாடி மேசையில வெக்கறேன். ஒண்ணும் கேக்க மாட்டேன். சனிக்கிழமை கூடவே போவேன்.

– அவரே வரட்டும் டீச்சர். நான் வேணா போன் போடறேன். இருங்க, அந்தப் பக்கம் வந்து எடுக்காதீங்க!

– விடு கையை. பாவி மனுஷன், எவ்வளவு அழகா எழுதியிருக்கார் பாரு.

– படிக்காதீங்க டீச்சர்.

– எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்குச் சொல்லிக் குடுத்தவளைப் படிக்காதேங்கறியா? மருந்து பேரு போட்டிருக்கு... மே பன்னிரண்டு... ‘லோர்னா ஊத்தும்போது இது மட்டும்.’