ஒற்றைக் குரல்

பளார்!

பொழுது சாய்கிற நேரம். நான்கு பக்கமும் கடல், ஒரு தீவுகூடக் கண்ணில் படவில்லை... அந்தச் சத்தத்தில், மேல்தளத்தில் வரிசையாக நின்ற பையன்கள் அத்தனை பேரும் கண்ணை மூடித் திறந்தார்கள். அறை வாங்கியவன் அம்மாசி.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஆண்ட காலம். நம் மணியம் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா பக்கிரிசாமியும் அந்த வரிசையில்தான் நின்றார். புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆள் பிடித்தபோது, சயாம் ரயில் பாதைக்குப் போய்ச் சாவதைவிடக் கப்பல் வேலை பழகுவது மேல் என்று அவரும் அம்மாசியும் பெயர் கொடுத்திருந்தார்கள். அம்மாசியின் தாய் கருப்பாயிக்கு அவன் ஒரே பிள்ளை. அவனை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்படி பக்கிரிசாமியின் கையைப் பிடித்துக் கேட்டிருந்தாள்.

பயிற்சிக் கப்பலில் விடிந்தால் தளம் தேய்க்க வேண்டும், கயிறு இழுக்க வேண்டும். தின்ன மரவள்ளிக்கிழங்கு. எல்லாவற்றையும் அம்மாசி தாங்கிக்கொண்டான். ஒன்றுதான் வரவில்லை. அதிகாரி அவனவன் பெயரைக் கூப்பிட்டதும் ஜப்பான் பாஷையில் ‘ஹை’ என்று கத்த வேண்டும். அவனோ தோட்டத்துப் பையன். இருட்டுகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் இரண்டாவது தடவை கூப்பிடும்வரை வாய் திறக்க மாட்டான். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அதனால் மாலையில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும்போது தினமும் அறை. காதில் ரத்தம் வடிய ஆரம்பித்துவிட்டது.

பக்கிரிசாமிக்குப் பொறுக்கவில்லை.

“கடல்ல ஏதுடா பேயி? மரமா இருக்கு, ஏறி உக்கார? கூப்பிட்டா டக்குனு பதில் சொல்லிடுலா” என்று திட்டினார். பக்கத்தில் படுத்துக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே பழக்கினார். தூக்கத்தில் கூப்பிட்டாலும் ‘ஹை’ என்று எழுந்து உட்காருகிற அளவுக்கு அவன் தேறினான். அறை நின்றது.

அந்தமானைத் தாண்டிய அன்று புயல். அம்மாசிக்குப் பக்கத்தில் படுக்கிற இருளப்பன், பாலிங் ஊர்ப் பையன், அவனை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. கப்பல் நிற்கவில்லை.

மறுநாள் அந்தி. துளிக் காற்று இல்லை. காவல் பார்த்த அலுப்பில் அம்மாசி தளத்திலேயே கோரைப்பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஊறி அழுகிய கயிறுபோல ஒரு வாடை... கப்பலுக்குப் பின்னால், தண்ணீருக்குள்ளிருந்து இருளப்பன் குரல்.

“அம்மாசி...”

ஒரே தடவை. எல்லாருக்கும் கேட்டது. பக்கிரிசாமி அம்மாசியின் வாயைப் பொத்தப் பாய்ந்தார். அதற்குள் அவன் துள்ளி உட்கார்ந்துவிட்டான்.

“ஹை!”

விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றிப் பார்த்தபோது பாய் இருந்தது, ஆள் இல்லை. தண்ணீரில் விழுந்த சத்தம்கூட இல்லை. பாய் மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

சண்டை முடிந்து பக்கிரிசாமி ஊர் திரும்பினார். புயலில் போய்விட்டான் என்று கருப்பாயியிடம் சொல்லிவிடலாம்... தோட்டச் சாலையில் அதையே மனதுக்குள் சொல்லிப் பார்த்தபடி நடந்தார். பொழுது மசங்கி இருட்டுகிற நேரம். ஈ காக்கை இல்லை. ரப்பர் பால் நாற்றம் அடிக்க வேண்டிய இடத்தில் உப்பு வாடை. முதுகுக்குப் பின்னால், சதக்... சதக்... ஈரக் கால்.

“பக்கிரிண்ணே...”

பல்லைக் கடித்துக்கொண்டு நடையை எட்டிப் போட்டார். இன்னொரு தடவை கூப்பிடாது. லயத்து விளக்கு தெரிந்துவிட்டது.

கால் சத்தம் நின்றது. காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

“ஏன்ணே வாயத் தெறக்க மாட்டேங்குறீங்க? கூப்பிட்டா ஒடனே பதில் சொல்லணும்னு எனக்கு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?”