வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம்

உளப்பகுப்பாய்வுக்கு மஞ்சமெல்லாம் தேவையில்லை சார், ஒரு கோரைப்பாய் போதும். படுத்திருப்பவருக்கு நம் முகம் தெரியக் கூடாது, அவ்வளவுதான். குத்தாலத்தில் எங்கள் வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறையில் பாயை விரித்து எல்சி அக்காவைப் படுக்கச் சொல்லிவிட்டு, ஒரு மூட்டையில் சாய்ந்து அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வேன்.

'உளப்பகுப்பாய்வின் பயனும் எல்லையும்' என்ற கடைசி இயலை ஏன் இன்னும் தரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். தட்டச்சுக்குக் கொடுக்கும்படியாக அது அமையவில்லை. அதனால் உங்களுக்கு மட்டும் கையால் எழுதுகிறேன்.

என் ஆய்வேட்டில் 'திருமதி எ., வயது 26' என்று இருப்பது என் அக்காதான். எங்கள் தாய்மாமா மகன் ஜெரால்டைக் கட்டினாள். அவர் குவைத்தில் ஏசி மெக்கானிக். கல்யாணமான முப்பதாம் நாள் விமானம் ஏறிவிட்டார். அக்கா கும்பகோணத்தில் மாமியார் விண்ணரசி அத்தையோடு இருந்தாள். சோறு இறங்கும், மாத்திரை இறங்கும்; ஞாயிறு பூசையில் தரும் நற்கருணை அப்பம் மட்டும் அவள் தொண்டையில் இறங்காது. ஒருமுறை இருமி வெளியே வந்துவிட்டது. அதன்பிறகு அவள் எழுந்து போவதையே விட்டாள். நற்கருணை வாங்கப் போகாத பெண்ணை எங்கள் பங்குக் கோயிலில் எல்லோரும் என்ன பாவமோ என்று திரும்பிப் பார்ப்பார்கள். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவள் என்றால் இரண்டு முறை பார்ப்பார்கள்.

"ஃபாதரு பாவத்தைச் சொல்லுங்குறாரு, டாக்டரு ஒண்ணுமில்லங்குறாரு. நீதான் பைத்தியத்துக்குப் படிக்கிறியே, உங்கக்காவக் கொஞ்சம் பாரேன்டி" என்றார் அத்தை.

அதனால் சனிக்கிழமைதோறும் நான் தஞ்சாவூர் ஹாஸ்டலிலிருந்து வருவேன், அவள் கும்பகோணத்திலிருந்து வருவாள். மனதில் வருவதை வந்தபடி சொல்ல வேண்டும் என்றேன். முதல் ஐந்து வாரம் மாமியார், பால்காரர், ஜெரால்ட் அத்தான் பேசி அனுப்பும் கேசட்டுகள் என்றே போனது.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொண்ணூற்று ஐந்தில் பூண்டி மாதா கோயில் திருவிழாவில் ஜெரால்ட் அத்தான் என்னிடம், "உன் படிப்பு முடியட்டும் ஜாஸ்லின், அடுத்த லீவுல வந்து கேக்குறேன்" என்றிருந்தார். அதை நான் ஒருத்தியிடம்தான் சொன்னேன். அடுத்த லீவில் வந்தவர் பன்னிரண்டே நாளில் அக்காவைக் கட்டினார். ஆம்பளை மனது அப்படித்தான் என்று இரண்டு வருடம் அவரை வெறுத்துக்கொண்டு, அக்காவுக்கு நானே பூவேலை செய்த தலையணை உறை தைத்துக் கொடுத்தேன்.

ஆறாவது சனிக்கிழமை அக்கா பாயில் ஒருக்களித்துப் படுத்து அழுதாள்.

"உன்னைக் கேக்கத்தான்டி வந்தாரு. அவ கன்னியர் மடத்துல சேரப் போறா, எழுதிக் கொடுத்துட்டான்னு நான்தான் சொன்னேன். என்ன மன்னிச்சிருடி."

கடவுளுக்கு நேர்ந்துகொண்டவளிடம் போய் இதைக் கேட்கலாமா என்று அவர் ஒதுங்கியிருக்கிறார். நான் அவள் தலையைத் தடவி, "விடுக்கா, பழைய கதை" என்றேன். மறுநாள் அவள் நற்கருணை வாங்கினாள். தொண்டையில் தடங்கலே இல்லை. அத்தை எனக்குச் சேலை எடுத்துத் தந்தார்.

உளப்பகுப்பாய்வின் பயன் இதுதான் சார், கண்ணால் பார்த்தேன். சொன்னவளுக்குத் தொண்டை திறந்துவிட்டது. கேட்டவளுக்கு என்ன ஆகும் என்று நம் பாடத்தில் ஒரு பத்திகூட இல்லை. அதை எல்லை என்று குறித்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகத்தான் இருந்தேன். அடுத்த வாரம் அவளிடம், "இது மேல்மண்ணுதான்க்கா, நோயோட வேரு இன்னும் அடியில இருக்கு" என்றேன்.

அவள் வெள்ளிக்கிழமைகளில் குவைத் அழைப்புக்காக ரெஜின் என்பவரின் எஸ்.டி.டி. பூத்தில் காத்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணி நேரம் அழைப்பே வரவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

"அப்ப என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? பெஞ்சுல உக்காந்திருந்தேன்."

"ரெண்டு மணி நேரத்துல ஒண்ணுகூடவா ஞாபகம் இல்ல?"

"சும்மா இருந்ததுல என்னடி ஞாபகம் இருக்கும்?"

"ரெஜின் என்ன சட்ட போட்டிருந்தாரு?"

"நீலம்" என்றாள். பிறகு தானே பயந்துபோய், "அது மட்டும் எப்படித் தெரியுது எனக்கு?" என்றாள்.

அவள் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அதை மறுப்பு, அதாவது உள்ளே ஒளித்து வைத்திருப்பதன் அடையாளம், என்று எழுதிக்கொண்டேன். அழுத்திச் சொன்னால் பலத்த மறுப்பு. ஆம் என்றாலும் ஆம், இல்லை என்றாலும் ஆம் என்று ஒரு முறை இருந்தால் அது அறிவியல் ஆகாது என்று முதல் வருடமே வகுப்பில் உங்களிடம் வாதாடியவள் நான். அந்த முறையை நான் இன்றும் நம்பவில்லை. அக்கா நம்பினாள். தங்கச்சி எம்.எஸ்ஸி. படிக்கிறாள் அல்லவா.

இந்தக் கேள்விகளைத் தொடங்கிய மூன்றாம் வாரமே நான் பூத்துக்குப் போய் விசாரித்துவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை முழுக்க ரெஜினின் மனைவி கல்லாவில் இருந்திருக்கிறார். இன்னும் நாலு பேர் வரிசையில். தகவலைச் சரிபார்க்காமல் ஆய்வு செய்யக் கூடாது.

பதினான்காவது சனிக்கிழமை, "எனக்கும் ரெஜினுக்கும் ஏதாச்சும் நடந்திருக்குமோ?" என்றாள். அடுத்த வாரம், "நடந்துருச்சு" என்றாள். அத்தானிடம் மறைப்பது துரோகம் இல்லையா என்றும் கேட்டாள். அது உன் முடிவு என்றேன். அவள் அத்தானுக்கு எல்லாவற்றையும் கேசட்டில் பேசினாள்; டேப் ரிக்கார்டரின் பொத்தானை மட்டும் நான் அழுத்தினேன். கேசட்டைத் தபாலில் சேர்த்ததும் நான்தான்.

ஐந்து வாரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கேசட் வந்தது. அதில் ஒன்றும் இல்லை. அக்கா இரண்டு பக்கத்தையும் முழுக்க ஓடவிட்டுக் கேட்டாள். மகன் சொல்லி விஷயம் தெரிந்த அத்தை அந்த ஞாயிறே அவளைப் பெட்டியோடு கொண்டுவந்து எங்கள் வீட்டில் விட்டார். ரெஜின் கோயில் வாசலில் சத்தியம் செய்தார். அவர் மனைவியும் பேசிப் பார்த்தார். புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றார்கள். இப்போது அந்த பூத்துக்குப் பெண்கள் யாரும் போவதில்லை.

"பாவம், அவருக்கும் மறந்துபோச்சு போலடி" என்றாள் அக்கா.

எனக்கும் அத்தானிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஜாஸ்லின், நீ படித்தவள், நீதான் அவளோடு பேசியவள். இது உண்மையா? நீ இல்லை என்று எழுதினால் நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.' இரண்டு நாள் யோசித்தேன். திருமதி எ. என்னை நம்பிச் சொன்னதை வெளியே சொல்வது தொழில் தர்மம் ஆகாது. பதில் எழுதவில்லை.

நான் அவள் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். நான் அவளுக்கு ஒரு சொல்கூடக் கொடுத்ததில்லை சார். கேள்விகள் மட்டும்தான் கேட்டேன். எல்லாம் அவள் வாயிலிருந்து வந்தவை.

போன சனிக்கிழமை நான் கூப்பிடாமலேயே வந்து பாயில் படுத்துக்கொண்டாள். ரொம்ப இளைத்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு மழை பேஞ்சுதாடி? எல்லாம் வந்துருச்சு, அது மட்டும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பேஞ்சுதுக்கா" என்றேன். "நல்ல மழை."