மலைக்கு அந்தாண்ட

ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரிந்தேதான் கேட்டேன். எண்ணூரிலிருந்து ராயபுரம் போகும் பஸ், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே திருவொற்றியூரில் நின்றுவிட்டது. முன் சீட்டில் இருவர்: கப்பல் வேலைக்குப் போய் வந்த ஒருவர், பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி.

“இத்தாலில மேடு ஏறறதுக்குன்னே சைக்கிள் ஓட்றாங்கோ மச்சான்.”

“ஏன், சுத்திகினு போவ ரோடு இல்லியா?”

“கீது. அதுல போவ மாட்டாங்கோ. கப்பல் சாயங்காலந்தான் கெளம்புதுன்னு நானும் ஒரு வாடகை சைக்கிள் எடுத்தேன். மலை ஏறி அந்தாண்ட எறங்கினேன். ரெண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். காத்து அப்டியே தூக்கிகினு போவுது.”

“அப்பால?”

“நம்மூர்ல போற நேரந்தான வர்ற நேரம்? அதே கணக்குப் போட்டேன். திரும்பினா, எறங்கினதெல்லாம் மலையா நிக்குது. தள்ளிகினே வந்தேன். உச்சிலேர்ந்து பாத்தா கப்பல் போய்கினு கீது.”

லாரிகள் மெல்ல நகர்ந்தன. மச்சானின் குரல் தணிந்தது.

“வேல போனது எங்கக்காவுக்குத் தெரியுமா?”

“லீவுன்னு நெனச்சிகினு கீறா.”

“இன்னிக்கே சொல்லிடு மாமா.”

“சொல்றேன். கப்பல வுட்டதுக்கு எவ்ளோ வேணா திட்டட்டும். அந்த எறக்கத்துல ஏன்யா பிரேக் புடிக்கலன்னு கேட்டா, அதுக்கு இன்னா சொல்றது?”