பின் சீட்டில் டிரைவர்

சிராங்கூன் ரோட்டு டிராமில் எனக்கு முன்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் நல்ல உயரம். முழங்கால்களை வழியில் நீட்டித்தான் அவரால் உட்கார முடிந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் நான் பேப்பரை மடித்துவிட்டேன்.

"இப்பல்லாம் மொதலாளிதான் காரை ஓட்டுறாரு. நான் பின்னால உக்காந்து வர்றேன்."

"டிரைவர் நீதானே?"

"நான்தான். குதிரை வண்டிக்கு உயரமான ஆளுதான் எடுப்புன்னு என்னை வச்சிருந்தாரு. அதை வித்துட்டுக் காரு வாங்கினாரு. முன் சீட்டுல உக்காந்தா முழங்கால் ஸ்டீரிங்ல இடிக்குது, திருப்பவே முடியல."

"அப்ப நீ எதுக்குக் கூடப் போறே?"

"டிரைவர் இல்லாமப் போனா கௌரவம் இல்லையாம்."

"சரிதான்."

"நேத்து ஒரு கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு மொதலாளிய முன்னப்பின்ன தெரியாது. வாசல்ல எனக்குச் சந்தனம் கொடுத்து, மாலை போட்டு, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரைக் காரைப் பின்பக்கம் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"அவரு என்ன பண்ணாரு?"

"திரும்பவும் வீடு வரைக்கும் ஓட்டிட்டு வந்தாரு. இறங்கி வந்து எனக்குக் கதவத் திறந்து விட்டாரு. இன்னிக்கு நான் வேலைக்குப் போறதா, வேணாமா?"