மாப்பிள்ளை அழைப்பு கார்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ். என் முன் சீட்டில் ஒருவரும் அவர் மனைவியின் தம்பியும். தம்பியின் கேள்வியில்தான் என் காது அங்கே போனது.

"மேல மூடியே இல்லாத கார எதுக்கு மாமா இவ்ளோ மலிவா விக்கிறான்?"

"நிறுத்த எடமில்லையாம் மச்சான். ஞாயித்துக்கெழமையில ஒங்க அக்காவ ஒக்கார வச்சி பீச் வரைக்கும் காத்தாட ஓட்டலாம்."

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுனானா?"

"பேட்டரி சார்ஜ்ல இருக்குதாம்."

"போன வாரமும் அதத்தான சொன்னான்?"

"ஒனக்கு எதுலயும் சந்தேகம். தெரியாத வண்டியா அது? என் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த அதே செவப்பு கார். நான்தான ஒக்காந்து வந்தேன். ஒரு குலுக்கல் இல்ல, அவ்ளோ ஸ்மூத்து."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"அட்வான்ஸ் குடுத்துட்டீங்களா மாமா?"

"காலையிலயே குடுத்தாச்சி. ஏன்?"

"குலுங்காது மாமா. அன்னைக்குக் கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் நாங்க நாலு பேரு பின்னாடி தள்ளிக்கிட்டு வந்தோம். மேளச் சத்தத்துல ஒங்களுக்குத் தெரியல."