அடைத்து வைத்த சர்வர்

எங்கள் குடியிருப்பில் யாருக்காவது மெசேஜ் போகவில்லை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் முகம் சுளிக்காமல் போய்ப் பார்ப்பேன். அத்தனை குடும்பங்களுக்குமான மெசேஜ் சர்வர் என் வீட்டுப் பின்னறையில்தான் ஓடுகிறது. திறந்த ஏற்பாடு. எவரும் எந்த நிறுவனத்திலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம்; சர்வரும் சர்வரும் தமக்குள் பேசி, செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இந்தப் பெருமையைக் கூட்டங்களில் வாய் வலிக்கப் பேசியிருக்கிறேன்.

என் மகளும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். "நாங்க பேசுறதையெல்லாம் நீங்க உட்கார்ந்து படிக்கிறீங்கப்பா. எனக்கு இது வேணாம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் நடத்தும் சர்வருக்கு மாறினாள். பிறகு வீட்டை விட்டும் போனாள். போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். புது மெசேஜ் முகவரி அம்மாவுக்கு மட்டும். படித்தது உண்மைதான். பொறுப்பில் இருப்பவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

நீங்கள் கேட்டது சரிதான். உங்கள் சர்வரை அடைத்தது நான்தான். இங்கிருந்து அங்கே செய்தி போவதும் இல்லை, அங்கிருந்து வருவதும் இல்லை. அனுப்புகிறவருக்குத் தகவல் சொல்லட்டுமா என்று மென்பொருள் கேட்டது. வேண்டாம் என்றேன். யார் மனமும் நோகக் கூடாது அல்லவா. அம்மாவிடமிருந்து பதில் வராவிட்டால் தானே திரும்பி வருவாள் என்று நினைத்தேன். பிடிவாதக்காரி, வரவில்லை.

என் மனைவி தினமும் எழுதினாள். சாப்பிட்டாயா, இருமல் நின்றதா, ஒரு வார்த்தையாவது போடு. எல்லாவற்றையும் படித்தேன். சில நாள் அழுதும் இருக்கிறேன்.

"ஏங்க, அவ பதிலே போடலையே. லைன்ல ஏதாவது கோளாறான்னு பாருங்களேன்" என்பாள்.

"லைன் நல்லாத்தான் இருக்கு. பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சும்மாவா சொன்னாங்க?"

போன மாதம் என் மனைவி ஆஸ்பத்திரியில் இறந்தாள். கடைசிவரை போனைக் கையை விட்டு இறக்கவில்லை. அன்று மாலையே அடைப்பை எடுத்துவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை.

சில நாளில் மகளிடமிருந்து வந்தது: "அம்மா, இன்னும் எம்மேல கோவமா?"

அம்மா இல்லை என்று சொன்னால் அந்தப் பெண் தாங்குமா? மனைவியின் போன் என்னிடம்தான் இருக்கிறது. "இல்லடி கண்ணு" என்று பதில் போட்டேன். இப்போது தினமும் எழுதுகிறாள். நேற்று அப்பாவைப் பற்றிக்கூட விசாரித்தாள். அவர் உன்னை நினைத்து உருகுகிறார், உன்மேல் ஒரு தப்பும் சொன்னதில்லை என்று அம்மா எழுதினாள்.

நீங்கள் எதையாவது சொல்லி இதைக் கெடுத்துவிடாதீர்கள். அம்மாவும் மகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.